முட்டுச் சந்துகளாகவே வளரும் புறநகர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-ல் விரிவாக்கப்பட்டது. மூன்றாவது முழுமைத் திட்டமும் தயாராகிவருகிறது. மெட்ரோ, மேம்பாலம், வெளிவட்டச் சாலை எல்லாம் பேசப்படுகின்றன. புதிய மனைப்பிரிவுகளின் தெருக்கள் பக்கத்து மனைப்பிரிவின் தெருக்களோடு சேர்கின்றனவா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தியாகராய நகரை 1920-களில் உருவாக்கியபோது பனகல் பூங்காவைச் சுற்றித் தெருக்களை வகுத்த பிறகே வீடுகள் எழுந்தன. (அதற்காக ஒரு பெரிய ஏரியைத் தூர்த்தது தனி வேதனை.) அன்றைய தோட்ட வீடுகள் பெரும்பாலும் போய்விட்டன, தெருக்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவில் புகுந்து போய்விடலாம். கட்டடத்தை இடித்துக் கட்டலாம். வீடுகள் வந்த பிறகு தெருவை மாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

மேடவாக்கம் பக்கம் நடப்பதே வேறு. ஒருவர் ஐந்து ஏக்கர் நஞ்சையை வாங்கி, மெயின் ரோட்டிலிருந்து ஒரே ஒரு வழி வைத்து மனை போட்டு விற்கிறார். பக்கத்து நிலத்தை வாங்கியவரும் அப்படியே செய்கிறார். நடுவில் காம்பவுண்டுச் சுவர். எங்கள் தெருக்கோடியில் நின்றால் சுவருக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கூடத்தின் மணிச்சத்தம் கேட்கும். போக வேண்டுமானால் மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டும். பிள்ளைகள் சுவரில் இரண்டு செங்கல்லைப் பெயர்த்துக் கால் வைக்க இடம் செய்தார்கள். உடனே சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்துவிட்டார்கள். நடந்து போகக்கூடிய பிள்ளையை இப்போது ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறோம். இப்படி ஒவ்வொரு மனைப்பிரிவின் வண்டிகளும் ஒரே சாலையில் வந்து விழுந்தால், அதை எத்தனை அடி அகலப்படுத்தினாலும் போதாது.

அமெரிக்காவில் தெருக்கள் இப்படித் துண்டுபட்டுப் போவது 1990-களின் நடுவில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறையத் தொடங்கியது என்று 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத குடியிருப்புகளை ஏராளமாகக் கட்டி முடித்த பிறகு வந்த மாற்றம் அது. நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் வயலாகக் கிடக்கும் நிலத்தில் தெருக்கள் இனிமேல்தான் வரவேண்டும்.

ஊரார் வண்டியெல்லாம் நம் தெரு வழியாக ஓடுமே என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்கு வண்டியைத் தடுத்தால் போதும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஆறடி வழி விடலாம். டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் கார் போக முடியாத பல தெருக்களை இத்தகைய பாதைகளே இணைக்கின்றன.

மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்கும்போதே, பக்கத்து நிலத்தின் எல்லைவரை ஒரு தெருவாவது போய்ச் சேருகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்த தெரு பொதுச்சொத்து. அதன் குறுக்கே எழுப்பிய சுவர்களைக் கணக்கெடுத்து, முதலில் பள்ளிகளுக்கும் பஸ் நிறுத்தங்களுக்கும் அருகில் உள்ளவற்றில் நடைவழி திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேடவாக்கம், சென்னை.