உங்கள் குழி ஒன்றில் எங்கள் ரோபோவை இறக்க விடுங்கள்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டேனரி (தோல் பதனிடும் ஆலை) உரிமையாளர்களுக்கும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். நாங்கள் வேலூரில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் மாணவர்கள். கழிவுக் குழிக்குள் ஆளுக்குப் பதிலாக இறங்கும் ரோபோ ஒன்றை எங்கள் சீனியர்கள் செய்துவைத்தார்கள். அதை மேம்படுத்துவதுதான் எங்கள் புராஜெக்ட். நிஜமான குழியில், நிஜமான கசடில் அதை ஓட்டிப் பார்க்க உங்கள் அனுமதி வேண்டும்.

கல்லூரியில் களிமண்ணைக் குழைத்துக் கொட்டி ஓட்டினோம். நன்றாகவே ஓடியது. ஆனால் உங்கள் கசடில் சுண்ணாம்பும் சவ்வும் முடியும் கலந்திருக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த கசடைத் தொட்டியில் கொட்டி ஓட்டியபோது, ஈர முடி அச்சில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு சக்கரம் நின்றுவிட்டது. பிளேடால் அறுத்துத்தான் எடுத்தோம். இப்போது சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட் போட்டு, அச்சு முனைகளை மூடியிருக்கிறோம். முன்பு வைஃபையில் ஓடியது. கான்கிரீட் மூடிக்குக் கீழே சிக்னல் நிற்காது என்பதால் கேபிளுக்கு மாறினோம். உள்ளே சிக்கினால் கூடவே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துவிடலாம்.

வாயுதான் பெரிய கவலை. முடி நீக்கப் போடும் சோடியம் சல்ஃபைடு கலந்த தண்ணீரோடு அமிலத் தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஏறிவிடலாம் என்று நம்பி இறங்குகிறார்கள். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். பல நூறு பிபிஎம் என்றால் ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் சாய்வார். இந்தப் பக்கத்துக்காரர்கள் நமக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அதே வாயு செம்பையும் அரிக்கும், தீயும் பிடிக்கும். அதனால் சர்க்யூட் போர்டை ரெசின் ஊற்றி அடைத்து, தீப்பொறி வராத மோட்டார் மாட்டியிருக்கிறோம். இது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை உங்கள் குழிதான் சொல்ல முடியும்.

கேரளத்தில் 2018-லேயே பாண்டிகூட் ரோபோ வந்துவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல இயந்திரம்தான், ஆனால் அது பாதாளச் சாக்கடைக்கென்று செய்தது. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு, வாயு இருக்கக்கூடிய குழியைச் சோதித்துச் சான்று பெற்றால், அல்லது சுவாசக் கருவியும் கயிறு கட்டிய இடுப்புப் பெல்ட்டும் போட்டால் மட்டுமே ஆளை இறக்கலாம் என்று சொன்னது. குறைந்தபட்சம் அந்தச் சோதனையையாவது மனிதன் எட்டிப் பார்க்கும் முன் எங்கள் ரோபோ செய்து கொடுக்கும்.

உங்களுக்குச் செலவு வராது. விடுமுறை நாளில் வருகிறோம். எங்களில் யாரும் குழிக்குள் இறங்க மாட்டோம். ஆலையின் பெயரையோ படத்தையோ வெளியிட மாட்டோம். ஒரு வேண்டுகோள்: வழக்கமாகக் குழி சுத்தம் செய்யும் தொழிலாளர்களை அன்று கூலி கொடுத்துக் கரையில் எங்களோடு நிற்க வையுங்கள். எந்த மூலையில் கசடு இறுகும், பம்பு எங்கே அடைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை குழி வார ஆள் கூப்பிடும்போது முந்தின நாளே எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவர்கள், வேலூர்