இத்துடன் ஒரு சீட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். போனில் பேசினால் பாதியில் "வச்சிடறேம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குழந்தை தூங்கும்போது நீயும் படுத்துக்கொள்.

சர்க்கரை வகுப்புக்கு மூன்று வாரமாகப் போகிறேன். எப்படி இருக்கிறது என்று நீ ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. முதல் நாள் கடைசி வரிசையில், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும் என்று பாடம் எடுக்கும் நர்ஸ் பெண் காட்டிக்கொடுத்தாள். வயிற்றில் பிள்ளையோடு தினம் நாலு தரம் குத்திக்கொண்டு, முகம் சுளிக்காமல் வேலைக்கும் போனவள் நீ. அதை அவளிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ரத்தத்தில் என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.9 சதவீதம். 6.5 தொட்டாலே சர்க்கரை வியாதிதானாம். ஏன் மூன்று மாதக் கணக்கு என்று கேட்டேன். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும், அதுவரை அதில் ஒட்டிய சர்க்கரைதான் இந்தக் கணக்கு என்றாள். நம் வீட்டில் இப்படிக் கேட்பவள் நீதான்.

ராத்திரியில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். மரத்த காலில் புண் வந்தாலும் வலி தெரியாதாம். பாட்டி "வலிக்கலை" என்று சொன்னதை நாம் எல்லாருமே நம்பினோமே.

நீ வேளைக்குச் சாப்பிடு. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

போன வாரம் கர்ப்பகாலச் சர்க்கரை பற்றிச் சொன்னார்கள். பிரசவத்தோடு இறங்கிவிட்டாலும் அந்தப் பெண்களுக்குப் பின்னால் டைப் 2 சர்க்கரை வியாதி வர வாய்ப்பு அதிகமாம். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்து ஒரு தரம் பார்க்கணும். அப்புறமும் 1 முதல் 3 வருடத்துக்கு ஒரு தரம், ஆயுள் முழுக்க. அதற்கு மேல் என் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஆறாவது வாரம் அந்த டெஸ்ட் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "போயிட்டு வரட்டுமாம்மா" என்று கேட்டாய். "பிள்ளை பெத்தாச்சு, சர்க்கரையும் போயாச்சு. பச்சை உடம்போட எங்கே அலையறே" என்று வாங்கி மடித்து வைத்தவள் நான். அதை மறைத்துக்கொண்டு, போன மாதம் "இன்னும் டெஸ்ட் எடுக்கலையா?" என்று உன் மேல் பாய்ந்தேன். யார் தடுத்தது என்று நீ திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்காமல் போனை வைத்துவிட்டாய். உன்னிடம் வேறெதையும் இத்தனை நாள் நான் மூடி வைத்ததில்லை, பாப்பா.

சீட்டு என் பெட்டியில்தான் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். தேதி பழசு, டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்கிக்கொள். வெறும் வயிற்றில் போய் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். முதல் நாளே வந்து குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். என்றைக்கு என்று மட்டும் மாப்பிள்ளையிடமாவது சொல்லி அனுப்பு.

அம்மா