கடலோரப் பயிற்சிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் சைக்கிள் குழுவின் கடலோரப் பயிற்சிப் பயணம் நல்லபடியாக முடிந்தது. உதவியவர்கள் என்ன செய்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். அடுத்து இப்படிப் போகும் குழுக்களுக்கும் அது பயன்படட்டும்.

முதல் நன்றி மெக்கானிக்குகளுக்கு. கடலோரத்தில் சைக்கிளுக்கு முதல் எதிரி உப்பு. காற்றில் வரும் உப்பு செயினிலும் போல்ட்டுகளிலும் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு சீக்கிரமே தலைகாட்டும். அதனால் தினமும் ஓட்டி முடித்த கையோடு ஒவ்வொரு சைக்கிளையும் நல்ல தண்ணீரில் கழுவினார்கள். பிரஷர் பம்ப்பைத் தொடவே இல்லை. பீய்ச்சி அடித்தால் சக்கர மையத்திலும் (ஹப்) ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலும் (ஹெட்செட்) உள்ள பேரிங்குகளுக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸ் வெளியேறிவிடும். செயினைத் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததை மறுபடி துடைத்தார்கள். அந்த இரண்டாவது துடைப்புதான் முக்கியம். வெளியே எண்ணெய் நின்றால் மணல் ஒட்டும். மணல் ஒட்டிய செயின் பல்சக்கரத்தை அரம்போல் ராவும். செயின் தேய்மானத்தை அளக்கும் கருவியில் 0.5 சதவீதம் காட்டிய 12 ஸ்பீட் (பின்னால் 12 பல்சக்கரங்கள் உள்ள சைக்கிளின்) செயின்களை உடனே மாற்றினார்கள்.

கார்பன் ஃபிரேமில் அலுமினிய சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் குழாய்) உள்ள சைக்கிள்களில் அதைக் கழற்றித் துடைத்து, கார்பனுக்கு உரிய பேஸ்ட் தடவிப் பொருத்தியது இவர்கள்தான். இதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். உப்பு ஈரம் இறங்கினால் அலுமினியம் அரித்து, போஸ்ட் இறுகி, பிறகு ஃபிரேமை உடைக்காமல் எடுப்பதே பெரும்பாடு.

காற்றின் போக்கைச் சொல்லித்தந்த மீனவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். வெயில் ஏற ஏற, கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகும். முற்பகலுக்குப் பின் கடற்காற்று வலுக்கும். கரையை ஒட்டிய சாலையில் அது பெரும்பாலும் பக்கக்காற்று. எனவே வேகப் பயிற்சிகளைக் காலையிலேயே முடித்தோம். பிற்பகலில் ஐந்து பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரிந்து, காற்று வரும் பக்கம் முன்னவரும் மறுபக்கம் சாய்வாக மற்றவர்களுமாக ஓட்டினோம். ஒரு தடத்தின் அகலத்தில் அதற்கு மேல் ஆட்களுக்கு முன்னவரின் காற்று மறைப்புக் கிடைக்காது. மிஞ்சியவர்கள் சாலை விளிம்பில் முழுக்காற்றையும் வாங்குவார்கள். பாறை மறைப்பு முடிந்து திடீரெனக் காற்று அறையும் வளைவுகளையும் மீனவர்களே காட்டினார்கள். அவர்கள் சொன்ன பிறகுதான் பக்கக்காற்று பிடித்துத் தள்ளும் உயர ரிம் சக்கரங்களைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த ரிம்களைப் போட்டோம்.

துணை வண்டி ஓட்டியவர்கள் ஏற்றங்களில், வேகம் குறையும் இடம் பார்த்து பாட்டில் நீட்டினார்கள். ஆளுக்கு மணிக்கு 500 முதல் 750 மில்லி தண்ணீர், சுமார் 60 கிராம் மாவுச்சத்து, வியர்வையில் போகும் உப்புக்கு ஈடாகக் கொஞ்சம் உப்பு என்று கணக்குத் தவறாமல் கலந்து கொடுத்தார்கள்.

கழுவுவதற்குக் குழாயைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர்களுக்கும், பார்வை மறையும் வளைவுகளில் முந்தாமல் பின்னால் பொறுமையாக வந்த வாகன ஓட்டிகளுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
குழுவினர் அனைவரும்