குதிரை ஏன் கனைக்கிறது?

வடபழனி, சென்னை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நேராக உன் கேள்விக்கு வருகிறேன்.

‘யங் ஃப்ராங்கன்ஸ்டைன்’ (1974) என்ற நகைச்சுவைப் பேய்ப்படத்தில் கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ராவ் ப்ளூக்கர் (ஃப்ராவ் என்றால் ஜெர்மனில் திருமதி) பெயரைச் சொன்னாலே குதிரைகள் கனைக்கின்றனவே, ஏன் என்று கேட்டிருந்தாய். ப்ளூக்கர் என்றால் ஜெர்மனில் பசை, கிழட்டுக் குதிரைகளைப் பசை காய்ச்ச அனுப்புவார்கள், அந்தப் பயம்தான் என்று உன் மருமகன் சொன்னது வெகுகாலமாக உலவும் கதை. அது தவறு. ஜெர்மனில் பசைக்கு ‘லைம்’, ‘க்ளேப்ஷ்டோஃப்’ என்பார்கள். ப்ளூக்கர் வெறும் குடும்பப்பெயர். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனுக்கு எதிராகப் போரிட்ட பிரஷ்யத் தளபதியின் பெயரும் அதுதான். நம் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ரப் பசைகூட மாட்டுத்தோலை நினைவூட்டுமே தவிர, குதிரையை அல்ல. ஆகவே அந்த விளக்கத்தை நம்பித் தமிழில் வசனம் எழுதினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பழைய பேய்ப்படங்களில் கெட்டவர் பெயரைச் சொன்னதும் இடி இடிக்கும், கதவு படாரென்று சாத்தும். நம் ஊரில் பேச்சுக்கு நடுவே பல்லி சொல்வதையும், நடுநிசியில் நாய் ஊளையிடுவதையும் சகுனமாக எடுத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே நம்பிக்கை. இயக்குநர் மெல் புரூக்ஸ் இடிக்குப் பதிலாகக் குதிரையை வைத்தார். முதல் கனைப்பு இயல்பாகவே இருக்கிறது, வந்த வண்டி வாசலில் நிற்கிறது. அடுத்தது தற்செயல் போலத் தோன்றும். பிறகு டாக்டரின் உதவியாளன் ஐகோர் வேண்டுமென்றே அந்தப் பெயரைச் சொல்லிச் சோதிக்கிறான், குதிரை கனைக்கிறது. அந்த நொடியில் பார்ப்பவர்களுக்கு விதி பிடிபட்டுவிடும். அப்புறம் குதிரையே கண்ணில் படாத வீட்டுக்குள்ளும் கனைப்பு கேட்கும்போது காரணம் கேட்க யாருக்கும் தோன்றாது. காரணம் சொல்லாமல் விட்டதுதான் இதன் பலம் என்பேன். ப்ளூக்கராக வரும் க்ளோரிஸ் லீச்மன் முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் நடித்திருப்பதை இன்னொரு முறை கவனித்துப் பார்.

அந்தப் படத்துக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதிப் பார்ப்பதாகச் சொன்னாய். சிக்கலே அங்கேதான். டப்பிங்குக்கு வரும் எம் அண்ட் ஈ டிராக்கில் இசையும் சத்தங்களும் மட்டும் இருக்கும். கனைப்பும் அதில் ஒட்டிக்கொண்டு வரும், இடம் மாறாது. எனவே பெயர் வாக்கியத்தின் கடைசியில் விழ வேண்டும். “ஃப்ராவ் ப்ளூக்கர், நீங்க முன்னாடி போங்க” என்று எழுதினால் குதிரை ‘போங்க’வுக்குக் கனைத்த மாதிரி ஆகிவிடும். “நீங்க முன்னாடி போங்க, ஃப்ராவ் ப்ளூக்கர்” என்று எழுது. குரல் ‘கர்’ரில் முடிந்து, மூச்சுவிடும் நேரம் அமைதி, பிறகு கனைப்பு. உதட்டசைவை நிரப்ப ‘ப்ளூக்கர் அம்மா’ என்று நீட்டினால் அந்த அமைதி போய்விடும்.

இன்னொரு பழக்கமும் காலை வாரும். வயதில் மூத்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்குக் கூசும். கை தானாகவே ‘அம்மா’, ‘மேடம்’ என்று எழுதிவிடும். பெயர் இல்லாவிட்டால் குதிரைக்கு வேலையே இல்லை. கனைப்பு வரும் ஒவ்வொரு இடத்தையும் முதலில் குறித்துக்கொண்டு, அங்கெல்லாம் முழுப்பெயரையும் ஒரே மாதிரி வை. ஓரிடத்தில் ‘ஃப்ராவ்’, இன்னோரிடத்தில் ‘திருமதி’ என்று மாற்றாதே. கனைப்பு வராத இடங்களில் முடிந்தவரை அந்தப் பெயரையே தவிர்த்துவிடு, விதி குலையாது.

காது கேளாதவர்களுக்காகத் திரையில் சப்டைட்டில் போடுவதாக இருந்தால், ‘குதிரைகள் கனைக்கின்றன’ என்பதைப் பெயரோடு ஒரே அட்டையில், அதாவது ஒரே சமயத்தில் திரையில் தெரியும்படி, போடாதே. முன்கூட்டியே படித்துவிடுவார்கள். கனைப்பு தொடங்கும் ஃப்ரேமில் தனி அட்டையாக வரட்டும்.

எழுதியதை அனுப்பு, படத்தோடு ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்
நண்பன்