பட்டுமியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே ஜார்ஜியாவில் நான் நலம். கீழக்கரைப் பையனிடம் கொடுத்தனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. திபிலீசியில் இறங்கி, ரயில் பிடித்து அவன் இங்கே வருவதற்குள் கவர் கொஞ்சம் நனைந்துவிட்டது, ஆனாலும் தம்பி கையெழுத்து முழுவதையும் படிக்க முடிந்தது. போனில் "சாப்பிட்டியா"ன்னு கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடும் நீங்கள், கடிதம் என்றதும் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து இத்தனை பக்கம் சொல்லி எழுத வைத்திருக்கிறீர்கள். அதனால் நானும் பேனா எடுத்துவிட்டேன். அந்தப் பையன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது இதைக் கொண்டுவந்து தருவான்.

முதலில் அம்மா கேட்டதற்குப் பதில். ஹாஸ்டலை விட்டு ஏன் வந்தாய் என்றால், அங்கே ஒரே சத்தம், படிக்க முடியவில்லை. இது மாடிக்கு மேல் சின்ன அறை, அமைதியாக இருக்கிறது. குளிர் ஒன்றும் அப்படி இல்லை, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஹீட்டரே வேண்டியதில்லை. பனியைவிட இங்கே மழைதான் அதிகம், நம் ஊரில் வருஷம் முழுக்கப் பெய்வதைப் போல இரண்டு பங்குக்கும் மேல் பெய்கிறது, தூரத்து மலைகளில் மட்டும் வெள்ளையாகத் தெரியும். சனி ஞாயிறில் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு மீன் கடையில் கூடமாட நிற்கிறேன், ஜார்ஜிய மொழி பேசிப் பழகலாமே என்றுதான். பணம் அனுப்ப வேண்டாம். போன தடவை அனுப்பியதே இன்னும் இருக்கிறது.

சாப்பாடும் குறையில்லை. நம் வத்தைப் படகு வடிவத்தில் ஒரு ரொட்டி சுடுகிறார்கள், அஜாருலி கச்சாப்புரி என்று பெயர், நடுவில் சீஸை நிரப்பி, மேலே முட்டையை உடைத்து ஊற்றி, வெண்ணெய்க் கட்டி போட்டுத் தருவார்கள், ஓரத்தைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அதை எப்போதாவதுதான் வாங்குவேன், மற்றபடி மக்காச்சோள ரொட்டியும் அவித்த பீன்ஸும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அங்கே கடல் எப்படி, என்ன மீன் படுது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதெல்லாம் வலையில் பாதிக்குப் பாதி சொறிதான் (ஜெல்லிமீன் என்கிறார்களே, அது), கை முழுக்கத் தடித்துப்போய்க் கிடக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து இதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று இருக்கிறது, ஏனென்றால் இங்கே இருக்கிற கருங்கடலையே ஒரு சொறி முழுங்கிய கதை இருக்கிறது.

கீழ்வீட்டுப் பாபுவாவைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறேன் இல்லையா? பாபுவா என்றால் இங்கே தாத்தா. சோவியத் காலத்தில் நெத்திலிக் கப்பலில் வலை இழுத்தவர். தினமும் விடிந்ததும், மழை கொட்டினாலும், பிளாஸ்டிக் வாளியோடு கடலுக்குப் போவார். இங்கே மணலே கிடையாது அப்பா, கரை முழுக்க உருண்டைக் கூழாங்கல். அதில் தடுமாறித் தடுமாறி இறங்கி ஒரு வாளித் தண்ணீர் மொண்டு, குனிந்து ரொம்ப நேரம் பார்ப்பார், அப்புறம் அப்படியே கடலில் ஊற்றிவிட்டு வந்துவிடுவார். தெருவில் எல்லோரும் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். செப்டம்பரில் ஒருநாள் நானும் கூடப் போனேன். வாளியில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். அவர் வாளியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்ததும், ஒரு விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று நகர்ந்தது. நிறமே கிடையாது, உடம்பில் எட்டு வரிசையாக மெல்லிய மயிர் மாதிரி துடித்துக்கொண்டே இருந்தது, அந்தத் துடிப்பில் வெளிச்சம் பட்டு ஊதா, பச்சை, சிவப்பு என்று நிறம் வரிசையாக ஓடியது. கையில் எடுத்தேன், கடிக்கவில்லை, அரிக்கவில்லை. விரலை மடக்கியதும் வழுவழுவென்று கூழாகிப் போய்விட்டது.

அதுதான் நிமியாப்சிஸ். நம்முடைய சொறி ஜாதி இல்லை, சீப்பு ஜெல்லி என்கிறார்கள், கொட்டும் முள் இதற்குக் கிடையாது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் பிறந்தது, இங்கே வந்தது கப்பலில். தூத்துக்குடியில் நீங்களே பார்த்திருப்பீர்கள், சரக்கு இறக்கிய கப்பல் வெறுமையாகப் போனால் ஆட்டம் கொடுக்கும் என்று அடியில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போவார்கள், போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதைத் திறந்துவிடுவார்கள். அப்படித் திறந்துவிட்ட தண்ணீரோடு வந்ததுதான். கருங்கடலில் இதை முதலில் கண்டது 1982-இல். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருப்பதால் ஜோடி கூடத் தேவையில்லை, தனியாகவே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். இரை கிடைக்காவிட்டால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு கிடக்கும், கிடைத்ததும் மறுபடி வளரும். இரை என்ன தெரியுமா? நெத்திலிக் குஞ்சுகளுக்கு உணவான நுண்ணுயிர்கள், அதோடு நெத்திலி முட்டையும் குஞ்சும். நெத்திலியின் தட்டிலும் கைவைத்தது, தொட்டிலிலும் கைவைத்தது.

1989-இல் உச்சம். கடல் முழுக்க நூறு கோடி டன் என்று அப்போது கணக்குப் போட்டிருக்கிறார்கள், அது கூடுதல் என்று பிறகு சொன்னவர்களும் உண்டு. எதிர்க்கரையில் துருக்கிக்காரர்கள் 1988-இல் ஏறத்தாழ 3 லட்சம் டன் நெத்திலி பிடித்தார்களாம், 1990-இல் அது 1 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இந்தக் கரைதான் நெத்திலி குளிர்காலத்தில் வந்து ஒதுங்கும் இடம், அதை நம்பித்தான் இவர்கள் கப்பல் விட்டார்கள். பாபுவா சொன்னார், வலை கனமாக ஏறுகிறது என்று எல்லோரும் ஓடிவந்து பிடிப்பார்களாம், மேலே வந்து பார்த்தால் கண்ணியெல்லாம் கொழகொழ என்று அடைத்துக்கொண்டு தண்ணீர்கூட வடியாதாம். அடுத்து 1991-இல் நாடே உடைந்தது, அப்காசியாவில் சண்டை வந்தது, டீசல் இல்லை, கப்பல்கள் துருப்பிடித்துப் போயின. கூட வேலை பார்த்தவர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் தடுக்கவில்லை.

ஆனால் அப்பா, சொறியின் மேல் மட்டும் பழி போட்டால் நியாயம் இல்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இந்தக் கடல் ஏற்கனவே பலவீனமாக இருந்தது. 150, 200 மீட்டருக்குக் கீழே மூச்சுக்காற்றே இல்லாத கடல் இது, மீன் பிழைப்பதெல்லாம் மேல் தண்ணீரில்தான். பெரிய ஆறுகள் வந்து கொட்டுவதால் உப்பும் நம் கடலில் பாதிதான். அந்த ஆறுகளிலேயே வயலுக்குப் போட்ட உரமெல்லாம் வந்து சேர்ந்து தண்ணீர் பாசி பூத்துக் கெட்டது. சூரை ஜாதி, கானாங்கெளுத்தி, ஓங்கில் எல்லாவற்றையும் முதலில் பிடித்துத் தீர்த்தார்கள். அப்புறம் நெத்திலி பெருகியதும் பெரிய பெரிய கப்பலில், கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்குகிற சுருக்குமடி போட்டு அதையும் அள்ளினார்கள். குஞ்சு, சினை என்று பார்க்கவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் இது வந்து உட்கார்ந்தது. "வீட்டைத் திறந்து போட்டது நாங்கள்தான்" என்று பாபுவாவே சொல்கிறார், சுருக்குமடி இழுத்த மனிதர் சொல்கிறார்.

அப்புறம் எப்படித்தான் அடங்கியது என்று கேட்பீர்கள். 1997-இல் பெரோயி என்று இன்னொரு சீப்பு ஜெல்லி வந்து சேர்ந்தது. அதற்கு இரையே சீப்பு ஜெல்லிகள்தான், வாயை அகலமாகத் திறந்து நிமியாப்சிஸை முழுசாக விழுங்கும். யாரும் கொண்டுவந்து விடவில்லை, அதுவும் கப்பல் தண்ணீரில் வந்ததுதான். அதன் பிறகு கோடைக் கடைசியில் நிமியாப்சிஸ் பெருகுவதும், பின்னாலேயே பெரோயி வந்து தின்று தீர்ப்பதும், இரை தீர்ந்ததும் அதுவும் குறைவதும் என்று ஆண்டுதோறும் நடக்கிறது. நெத்திலி திரும்பி வந்தது, ஆனால் பழைய கடல் வரவில்லை. பக்கத்தில் காஸ்பியன் என்று இன்னொரு கடல், நாலாபக்கமும் நிலம். வோல்கா-டான் கால்வாய் வழியாகக் கப்பல் போகிறது, 1999-இல் இது அங்கேயும் போய்விட்டது. ஈரான்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்த கில்கா என்ற சின்ன மீன் சில வருஷத்திலேயே அடிவாங்கியது. அப்போது அங்கே பெரோயி கிடையாது, உப்பு இன்னும் குறைவு என்பதால் அது பிழைப்பதும் கஷ்டம். 2006-இல் வடகடல், பால்டிக் வரைக்கும் இது போய்ச் சேர்ந்தது. கப்பல்கள் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும் என்று உலக நாடுகள் 2004-இல் ஒப்பந்தம் போட்டன. அது நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். எனக்கு அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. நம் குருசடைத் தீவில் வளர்க்கக் கொண்டுவந்த பாசி பவளத்தின் மேல் படர்ந்ததே, வந்துவிட்ட பிறகு எடுப்பது எவ்வளவு பாடு என்று பாசி எடுக்கப் போகும் மரியத்தைக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

இப்போது நெத்திலிக் காலம். முந்தாநாள் வகுப்பு முடிந்து படியேறும்போது பாபுவா வீட்டில் மக்காச்சோள மாவில் புரட்டி நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா மண்சட்டியில் கருவாட்டுக் குழம்பு இறக்கிவைத்துவிட்டு "எல்லாரும் வாங்க" என்று கூப்பிடுவது அப்படியே காதில் கேட்டது. வாடைக்காற்றில் வாசல் தென்னை ஆடுகிற சத்தம், நீங்கள் கரையேறி வந்து கால் கழுவுகிற சத்தம். பாட்டியம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார். இங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல்தான் வரும், டிசம்பர் 25 இங்கே சாதாரண நாள், எனக்கு வகுப்பு இருக்கிறது. அன்றைக்குப் பூசை முடிந்ததும் போனை எடுத்து வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஒருமுறை காட்டுங்கள். வைக்க அவசரப்பட வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். சேவியர் அண்ணன் படகு முதலாளி சம்மாட்டியோடு பங்கு சேர்ந்து சுருக்குமடி எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா, தயவுசெய்து விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2000-த்திலேயே தடை போட்ட மடி அது. உச்ச நீதிமன்றம் 2023-இல் கொடுத்த அனுமதிகூட 12 கடல் மைலுக்கு வெளியே, வாரத்தில் இரண்டு நாளைக்குத்தான். நம் சம்மாட்டி அத்தனை தூரம் போகிற ஆளா? பிடித்துக்கொண்டு போனால் படகும் போய், மடியும் போய், கடன் மட்டும் நிற்கும். சட்டத்தை விடுங்கள், பக்கத்து வத்தைக்காரனுக்குப் படுகிற மீனை அள்ளிக்கொண்டு வந்து அதே கரையில் எப்படி நிற்பது? சொறி ஏன் இவ்வளவு படுது என்று நீங்களே கேட்டீர்கள். அதைத் தின்கிற ஆமையும் பெரிய மீனும் குறையக் குறைய அது கூடத்தான் செய்யும். அண்ணனுக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். என் படிப்புக் கடனை நினைத்துத்தான் அவன் அவசரப்படுகிறான் என்றும் தெரியும். இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், மதினியும் கேட்கட்டும். நான் படிப்பை முடித்து வந்து கடனை அடைக்கிறேன், அதற்காக அவன் மடி மாற்ற வேண்டாம்.

வத்தை எஞ்சினுக்கு மானியம் கேட்டு மீன்வளத் துறையில் கொடுத்த மனு என்ன ஆனது? சங்கத்து பாஸ்புக்கை என் பெட்டியில் பச்சைக் கவரில் வைத்திருக்கிறேன், தடைக்கால நிவாரணம் விழுந்ததா என்று பதியச் சொல்லுங்கள். அம்மாச்சியின் கண் ஆபரேஷனை மழை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம், ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிடுங்கள். ஸ்டெல்லா கல்யாணத்துக்கு நம் வீட்டு முறை என்ன செய்யப் போகிறீர்கள்? என் கம்மலை வைத்துச் செய்யுங்கள், அது சும்மாதானே கிடக்கிறது, மீட்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தம்பி கணக்கில் வாங்கிய மார்க்கை மட்டும் கடிதத்தில் எழுதாமல் விட்டிருக்கிறான், கேளுங்கள். உங்கள் கைத் தடிப்புக்கு நல்ல தண்ணீர் ஊற்றாமல் முதலில் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், தேய்க்காதீர்கள், வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பையன் திரும்பி வரும்போது நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். பாபுவாவுக்கும் சேர்த்து.

உங்கள் மகள்,
ரெஜினா