நூலகப் பக்கத்தை ஏற்றுக்கொண்ட நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. நூலகத்தின் முகநூல் பக்கத்தை இனி நீயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும், பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கையில் இதையெல்லாம் எங்கே போய்க் கற்பது என்றும் எழுதியிருந்தாய். நூலகவியல் வகுப்பில், நூல் விவரம் எழுதும் பட்டியல் அட்டையில் ஒரு காற்புள்ளி இடம் மாறியதற்காக ஆசிரியரிடம் திட்டு வாங்கியவர்கள் நாம். பிழையோடு ஒன்று ஊருக்கே தெரிந்துவிடுமோ என்ற உன் தயக்கம் எனக்குப் புதியதல்ல.

நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். 2006-இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்ற நூலகர், தம் ஊழியர்களுக்காக இருபத்து மூன்று சிறு பயிற்சிகளைத் தொகுத்தார். வலைப்பூ தொடங்குவது, ஃபிளிக்கரில் படம் ஏற்றுவது, வலைத்தளங்களின் புதிய பதிவுகளைத் தரும் செய்தியோடைகளைத் திரட்டிப் படிப்பது, விக்கியில் எழுதுவது என்று ஒவ்வொன்றையும் ஊழியர்கள் தாங்களாகவே செய்து பார்த்து, கண்டதைத் தம் வலைப்பூவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு ஓர் எம்பி3 கருவி பரிசு. பிற நூலகங்களும் அதை எடுத்துத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. நானும் இரண்டு இளைய ஊழியர்களும் எந்தப் பரிசும் இல்லாமலே, நாளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி அதில் பாதியைத்தான் முடித்தோம். ஆனாலும் கைக்கூச்சம் போய்விட்டது.

அப்படிக் கற்ற கருவிகளில் நான் மிகவும் விரும்பிய, செய்தியோடைகளைத் திரட்டித் தரும் கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ஆம் நாள் மூடிவிட்டார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கற்றதெல்லாம் வீணா என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் நான் பின்தொடர்ந்த ஓடைகளின் பட்டியலை ஒரே கோப்பாக வெளியே எடுக்க வழி இருந்ததால், அதை வேறொரு திரட்டியில் ஏற்றிப் பத்தே நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டேன். அன்று முதல் எந்தப் புதிய கருவியைக் கண்டாலும், நாம் உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இனிப் பக்கத்தின் கதை. என் முதல் பதிவு நாற்பது புதிய நூல்களின் பட்டியல். ஆசிரியர், தலைப்பு, பகுப்பு எண் என்று வருகைப் பதிவேட்டை அப்படியே தட்டச்சு செய்து போட்டேன். இரண்டு பேர் விருப்பக்குறி இட்டார்கள், அவர்களில் ஒருவர் எங்கள் ஊழியர். மாறாக, பழைய நாளிதழ்களில் ஒரு செய்தியைத் தேடுவது எப்படி என்று ஒரு மாணவிக்கு மேசையில் விளக்கியதை மறுநாள் நான்கு வரியில், ஒரு படத்தோடு எழுதியபோது, கேள்விக்கு மேல் கேள்வி வந்தது. வாசகரின் நேரத்தைச் சேமி என்ற, நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகளில் நான்காவதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே, அதன் பொருள் எனக்கு இந்தப் பின்னூட்டப் பெட்டியில்தான் விளங்கியது.

அங்கே நடப்பதும் நாம் நாள்தோறும் மேசையில் செய்யும், வாசகர் கேட்பதைத் தேடித் தரும் குறிப்புதவிப் பணிதான். “நட்சத்திரங்களைப் பற்றி நூல் இருக்கிறதா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். வானியலா, சோதிடமா, திரைப்பட நடிகர்களா? நேரில் என்றால் முகத்தைப் பார்த்தே பாதி ஊகித்திருப்போம். இங்கே பொறுமையாகத் திருப்பிக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. நோய், வழக்கு, குடும்பச் சிக்கல் பற்றிய கேள்வியானால் பொதுவில் ஒரு சொல்லும் விசாரிக்காமல், தனிச்செய்தியில் எழுதும்படி கேட்டுக்கொள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருநாள் மாலை, கூட்டம் நிறைந்த இரவல் மேசையைப் படமெடுத்துப் பெருமையோடு பதிவிட்டேன். மறுநாள் காலை ஒரு வாசகர் வந்து, குரலை உயர்த்தாமல், தம் கைப்பேசியில் அந்தப் படத்தின் இடது மூலையை இரு விரலால் விரித்துக் காட்டினார். திறந்திருந்த பதிவேட்டில் அவர் பெயரும், அதன் எதிரே மணமுறிவுச் சட்டம் பற்றிய நூலின் தலைப்பும் தெளிவாகத் தெரிந்தன. உடனே நீக்கினேன், அதற்குள் எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ. வாசகருக்கும் நூலகத்துக்கும் இடையிலானதை மறைவாகக் காக்க வேண்டும் என்று பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 2012-இல் ஏற்ற நெறிமுறையிலேயே உண்டு. அதைப் படித்தவன்தான் நான்! அவர் அதன்பின் நூல் எடுக்க வரவில்லை என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

விக்கிப்பீடியாவையும் விட்டுவிடாதே. ஒரு நூலகர் ஒரு சான்றைச் சேர்க்கட்டும் என்ற இயக்கம் 2016 முதல் நடக்கிறது. தமிழ்க் கட்டுரைகளில் “சான்று தேவை” என்ற குறிப்பு நிற்கும் வரியைக் கண்டால், அலமாரியிலிருந்து நூலை எடுத்துப் பக்க எண்ணைச் சரிபார்த்துச் சேர்த்துவிடு. உன்னைப் போன்ற காற்புள்ளிப் பிரியனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை.

கடவுச்சொல்லை மட்டும் இரண்டு பேரிடம் வைத்திரு. எங்களிடம் அதை அறிந்த ஒரே ஊழியர் மாற்றலாகிப் போனபோது, பக்கம் பல வாரங்கள் பூட்டிய வீடாகக் கிடந்தது. இன்ஸ்டாகிராம் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். ஒன்றை ஒழுங்காக நடத்திய பிறகு பார்க்கலாம்.

முதல் பதிவுக்கான படத்தை, வெளியிடும் முன் எனக்கு அனுப்பு. நான்கு மூலைகளையும் விரித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்