நடுப்பீடத்துக்கு எனாமல் அடிக்க வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல பழைய கத்தோலிக்கக் கோயில்கள்ட நடுப்பீடங்கள் (ஃபாதர் பூசை வைக்கிற பெரிய பீடம்) பத்தின கட்டுரை பார்த்தன். படமெல்லாம் நல்லம், ஆனா பீடத்தில எது பீடமோ அதை விட்டுட்டாங்க. கல்லைத்தான் சொல்றன்.

நான் கொட்டாஞ்சேனைல சின்ன வயசில பூசைக்கு உதவி செஞ்சவன், பூசை லத்தீன்ல நடந்த காலம், ஃபாதர் எங்களுக்கு முதுகு காட்டி நிப்பார், "தோமினுஸ் வோபிஸ்கும்" என்டா நாங்க அர்த்தம் தெரியாமலே "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்டு கத்துவம், ஃபாதர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுற எழுந்தேற்றம் நேரம் ஒரு கையால மணி அடிச்சு மத்தக் கையால அவர்ட பூசை உடுப்பு நுனியைத் தூக்கிப் பிடிக்கணும். ஒரு நாள் பீடத் துணி மாத்தேக்க, கோயில் பாத்துக்கொள்ற ஐயா கீழ இருந்த மெழுகுத் துணியையும் விலக்கிக் காட்டினார். மரப் பீடத்துக்கு நடுவில சிலேட்டை விடச் சின்னதா ஒரு சதுரக் கல். அதில அஞ்சு சிலுவை வெட்டியிருக்கு, யேசுட அஞ்சு காயத்துக்கு. சின்னக் குழிக்குள்ள வேதத்துக்காக உயிர் விட்ட வேதசாட்சிகள்ட திருப்பண்டம், அதாவது எலும்புத் துண்டு மாதிரி, வச்சு மூடியிருக்கு. ஃபாதர் குனிஞ்சு முத்தம் குடுக்கிறது எதுக்குன்னு அன்டைக்குத்தான் விளங்கிச்சு.

இப்ப என்ட வயித்தெரிச்சலுக்கு வாறன். நாங்க போற கோயில்ல (பேர் வேணாம்) ரிப்பேர்னு சொல்லி பீடத்துக்கு முன்னால தடுப்பா இருந்த கிராதியைப் பிடுங்கி பழைய இரும்புக்குப் போட்டாச்சு, படிக்குப் பளபள டைல், இனி மரப் பீடத்துக்குத் தங்கக் கலர் எனாமல் அடிக்கப் போறாங்களாம். கொழும்பு ஈரம் எனாமலுக்குள்ள மாட்டினா மரம் உள்ளுக்கே உக்கிப் போகும், வெளிய மட்டும் மினுங்கும். கேட்டா "வத்திக்கான் சங்கம்தானே மாத்தச் சொல்லிச்சு அங்கிள்" என்டு பொடியனுங்க எனக்கே சொல்லித் தாறானுங்க! அறுபதுகள்ல உலகத்து ஆயர்மார் ரோமில கூடின சங்கத்தைத்தான் சொல்றானுங்க. 1964 செப்டம்பர் 26ல ரோமில இருந்து வந்த ஓடர், பீடத்தைச் சுவரை விட்டு விலக்கி, சுத்தி வரக்கூடிய மாதிரி, சனத்தைப் பார்த்துப் பூசை வைக்கிற மாதிரி கட்டினா நல்லம் என்டுதான் சொல்லுது, இருக்கிறதை உடைன்னு எங்கயும் இல்ல. அதுக்கு முந்தி 1963ல அந்தச் சங்கமே வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில 126ம் இலக்கத்தை வாசிங்க, கோயில் சாமான்கள், விலைமதிப்பான வேலைப்பாடுகள் வித்துத் தொலைஞ்சு போகாமப் பாத்துக்கொள்ளச் சொல்லி ஆயர்மாருக்கே எழுதியிருக்கு.

பெயின்ட் அடிக்க வாற ஆளுக்கு அந்தக் கல் இருக்கிறதாவது தெரியுமோ?

கிராதியில ஒரு துண்டை நான் அந்த இரும்புக் கடையில காசு குடுத்து வாங்கி வச்சிருக்கன், திராட்சைக் குலை போட்ட துண்டு. பங்கு சபைக்கு வேணும்னா வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு கேக்க மாட்டன்.

இப்படிக்கு,
பழைய பீடப் பையன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13